ஹெபடைடிஸ் சி தொற்றின் முதல் ஆறு மாதங்கள்: ரி-கலங்கள் செய்வதும் செய்யத் தவறுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்ததான முகாமில் குருதி கொடுத்தவருக்கு ஒரு கிழமை கழித்து இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வரும். குருதிச் சுத்திகரிப்புக்குப் போய்வருபவரின் கிளினிக் கொப்பியில் ஒருநாள் புதிதாக ஏதோ எழுதப்பட்டிருக்கும். வன்னியில் ஹெபடைடிஸ் சி பற்றிய கேள்விகள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன. ஈரலைத் தாக்கும் இந்த வைரஸ் நோய் இலங்கையில் குறைவு, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடமே காணப்படுகிறது. அதனால் தமிழில் விளக்கமும் குறைவு. நோயாளரும் வீட்டாரும் தாதியரும் உயர்தர உயிரியல் படிப்பவர்களும் கேட்பவை கீழே கலந்து வருகின்றன. மாணவருக்கென்று எழுதிய இடங்களை மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

செங்கண்மாரி என்றால் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. 2009 இல் இடம்பெயர்ந்தோர் தங்கிய மெனிக்பாம் முகாம்களில் பரவிய செங்கண்மாரி ஹெபடைடிஸ் ஏ. அது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் தொற்றும், சில கிழமைகளில் மாறிவிடும், நாள்பட்டுத் தங்காது. வயலில் இறங்கி வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளானால் வைத்தியர் முதலில் எலிக்காய்ச்சலைத்தான் சந்தேகிப்பார், அது பக்டீரியா. ஹெபடைடிஸ் சி இரத்தத்திலிருந்து இரத்தத்துக்கு மட்டுமே போகும். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ ஒரே கிணற்றில் குளிப்பதாலோ தொற்றாது. இன்னொரு பெரிய வேறுபாடு: சி தொற்றியவர்களில் ஏறத்தாழ 80 வீதத்தினருக்கு முதல் மாதங்களில் எந்த அறிகுறியும் தெரியாது. கண் மஞ்சளாகவில்லை என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

வைரஸ் உள்ளே போனதும் முதலில் நடப்பது என்ன?

இரத்தம் வழியாக ஈரலை அடைந்து ஈரற்கலங்களுக்குள் நுழைகிறது. அதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அதை வாசித்து ஈரற்கலம் ஏறத்தாழ 3,000 அமினோ அமில நீளமுள்ள ஒரே புரதத்தை உருவாக்குகிறது. அந்த நெடும் புரதம் பின்பு 10 புரதங்களாக வெட்டப்படுகிறது. வெட்டும் வேலையில் பெரும்பங்கு என்.எஸ்.3/4ஏ என்ற வைரஸ் நொதியத்துக்கு உரியது. அதே நொதியம் எங்கள் கலத்தின் மாவ்ஸ், ட்ரிஃப் என்ற இரண்டு அறிவிப்புப் புரதங்களையும் வெட்டிவிடுகிறது. வைரஸ் புகுந்ததைக் கலத்துக்கு உணர்த்தி, வைரஸை அடக்கும் புரதமான இன்டர்பெரோனைச் சுரக்கவைக்க வேண்டியவை அவைதான்.

தொற்றி 1 முதல் 2 கிழமைக்குள், வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் தெரியும். பிறகு மிக வேகமாகப் பெருகி, ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஒரு இலட்சத்திலிருந்து ஒரு கோடி அலகு வரை ஏறி, அந்த மட்டத்தில் நிற்கும். ஆள் வழமைபோல வயலுக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருப்பார். ஈரல் பழுதானால் இரத்தத்தில் கூடும் நொதியமான ஏ.எல்.ரி. (பழைய சோதனைத் துண்டுகளில் எஸ்.ஜி.பி.ரி.) சாதாரணமாகவே இருக்கும். இத்தனை வைரஸ் இருந்தும் ஈரல் பழுதாகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரி-கலங்கள் எப்போது வருகின்றன? ஏன் இவ்வளவு பிந்துகின்றன?

ரி-கலங்கள் என்பவை தொற்றிய கலங்களை இனங்கண்டு எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள். சளிக்காய்ச்சல் வைரஸுக்கு அவை ஒரு கிழமையளவில் ஆயத்தமாகிவிடும். ஹெபடைடிஸ் சி-யில் இரத்தத்தில் தென்பட 4 முதல் 8 கிழமை ஆகும். அதற்குள் வைரஸ் உச்சத்தில் குடியேறிவிடுகிறது.

பிந்துவதற்கு ஈரலின் இயல்பும் ஒரு காரணம். குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் வாயில் நாளத்தின் வழியே ஈரலுக்குள்தான் போகிறது. உணவின் துணுக்குகளும் குடல் பக்டீரியாவின் துண்டுகளும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நிர்ப்பீடனத் தொகுதி பொங்கி எழுந்தால் ஈரல் ஒரு மாதமும் தாங்காது. அதனால் ஈரலின் கலங்கள் ரி-கலங்களை அடக்கி வைப்பதிலேயே பழக்கப்பட்டவை. முதன்முதலாக நிணநீர்க் கணுவில், வைரஸின் துண்டை எடுத்துக்காட்டும் கிளைக் கலத்தைச் சந்தித்துத் தூண்டப்பட்ட ரி-கலம் வலுவாக வளரும். அந்த முதற் சந்திப்பு ஈரலுக்குள்ளேயே நடந்துவிட்டால் அரைகுறையாகத் தூண்டப்பட்டு விரைவில் அழிந்துபோகும்.

வந்த பிறகு அவை வைரஸை எப்படிக் கொல்கின்றன?

வைரஸை நேராகத் தொடுவதில்லை. வைரஸ் இருக்கும் ஈரற்கலத்தைத்தான் தேடிப் போகின்றன.

ஈரற்கலம் தன்னுள்ளே இருக்கும் புரதங்களை நறுக்கி, 8 முதல் 10 அமினோ அமிலம் கொண்ட சிறு துண்டுகளாக எச்.எல்.ஏ. முதல் வகுப்பு என்ற தாங்கியில் ஏற்றி, வெளிச்சுவரில் காட்டிக்கொண்டே இருக்கும். வைரஸின் துண்டு அதில் இருந்தால் அதற்கே உரிய சீ.டி.8 ரி-கலம், அதாவது கொல்லிக் கலம், வந்து பிடிக்கும். பிடித்ததும் இரண்டு வழி. பேர்போரின் என்ற புரதத்தால் துளையிட்டுக் கிரான்சைம் நொதியங்களை உள்ளே செலுத்தி அந்த ஈரற்கலத்தையே சாகவைப்பது ஒன்று. இன்டர்பெரோன் காமாவைச் சுரந்து, கலத்தைக் கொல்லாமலே சுற்றுவட்டாரக் கலங்கள் பலவற்றில் வைரஸின் பெருக்கத்தை அடக்குவது மற்றது. ஈரலில் இருப்பவை ஏறத்தாழ பத்தாயிரம் கோடிக் கலங்கள். கொன்று மட்டும் துப்புரவாக்க வேண்டுமென்றால் நோயாளி ஈரல் செயலிழந்து இறந்துவிடுவார். ஆகவே இரண்டாவது வழி இல்லாமல் குணம் இல்லை.

ஈரலில் இதற்கு ஒரு தனி வசதியும் உண்டு. அதன் நுண்குழாய்களின் சுவர் சல்லடை மாதிரித் துளையுள்ளது. இரத்தத்தோடு ஓடிவரும் கொல்லிக் கலம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் குருதிச் சிறுதட்டுகளில் தரித்து, சுவரைக் கடக்காமலே அந்தத் துளைகளுக்குள்ளால் தன் முதலுருவை நீட்டி ஈரற்கலத்தைத் தடவிப் பார்க்கிறது. எலிகளின் ஈரலை உயிருடன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது கண்டது இது.

தொற்றின் உச்சத்தில் வைரஸின் ஒரே ஒரு துண்டை அறியும் கலங்களே இரத்தத்திலுள்ள சீ.டி.8 கலங்களில் சில வீதம் வரை பெருகுவதுண்டு.

அப்படியானால் ஈரலைப் பழுதாக்குவது வைரஸா, எங்களுடைய கலங்களா?

முதல் மாதங்களில் பெரும்பாலும் எங்களுடைய கலங்கள்தான். வைரஸ் உச்சத்தில் இருந்த முதற் கிழமைகளில் ஏ.எல்.ரி. அசையவில்லை. ரி-கலங்கள் ஈரலுக்குள் வந்த பிறகே, அதாவது ஏறத்தாழ 8 முதல் 12 கிழமையளவில், அது சாதாரண அளவின் 10 மடங்குக்கு மேலும் ஏறுகிறது. கண் மஞ்சளாவதும் சாப்பாடு வெறுப்பதும் அப்போதுதான். வீட்டார் பயப்படுவார்கள், ஆனால் கண் மஞ்சளானவர்களில் தானாகக் குணமாகிறவர்களின் பங்கு அறிகுறியே இல்லாதவர்களைவிடக் கூட. இந்த நேரத்தில் ஏ.எல்.ரி. ஏறியதைப் பார்த்து மருந்துக்கடையில் சொந்தமாக ஸ்டீரொயிட் வாங்கிப் போடுவது பெரிய மடமை. அதனால் அடக்கப்படுவது வைரஸை எதிர்க்கும் கலங்கள்.

எந்த எண்ணைக் கவனிக்க வேண்டும் என்றால், ஏ.எல்.ரி.-ஐ விட, கண்ணை மஞ்சளாக்கும் பொருளான பிலிருபினும் ஐ.என்.ஆர். என்ற இரத்தம் உறையும் சோதனையும். ஐ.என்.ஆர். 1.5 அல்லது அதற்கு மேல் போய், ஆள் தடுமாறிக் கதைக்கத் தொடங்கினால் அது ஈரல் செயலிழப்பு. சி-யில் இது மிக அரிது, வந்தால் உடனே வைத்தியசாலை.

உதவிக் கலங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? கொல்வது சீ.டி.8 தானே?

இந்தப் பக்கத்தில் மாணவர்கள் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

சீ.டி.4 ரி-கலம், அதாவது உதவிக் கலம், எதையும் நேரடியாகக் கொல்லாமல் மற்றவர்களைக் கொண்டு நடத்துகிறது. கிளைக் கலத்தைத் தொட்டு அதைத் தகுதியாக்குகிறது. இன்டர்லூக்கின்-2, இன்டர்லூக்கின்-21 என்ற தூண்டற் புரதங்களைச் சுரந்து கொல்லிக் கலங்கள் பெருகவும் களைக்காமல் இருக்கவும் செய்கிறது. பிறபொருளெதிரி சுரக்கும் பி-கலங்களுக்கும் உதவுகிறது.

2003 இல் சிம்பன்சிகளில் செய்த இரண்டு ஆய்வுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கின. முன்பே தொற்றிக் குணமான விலங்குகளில் சீ.டி.8 கலங்களை மருந்தால் நீக்கிவிட்டு மறுபடி வைரஸை ஏற்றினார்கள். வைரஸ் நீடித்தது, சீ.டி.8 கலங்கள் மீண்டு வந்ததும் மறைந்தது. மற்ற ஆய்வில் சீ.டி.4 கலங்களை நீக்கினார்கள். நினைவுச் சீ.டி.8 கலங்கள் கையில் இருந்தும் வைரஸை ஒழிக்க முடியவில்லை. அது குறைந்த மட்டத்தில் தங்கி, விகாரமடைந்து தப்பியது. கொல்லிக் கலம் இல்லாவிட்டால் குணம் பிந்தும், உதவிக் கலம் இல்லாவிட்டால் கொல்லிக் கலம் இருந்தும் பயனில்லை.

மனிதரில் இதைவிட முக்கியமான ஒரு விடயம் தெரிய வந்தது. தொற்றிய ஆரம்பக் கிழமைகளிலேயே இரத்தம் எடுத்துப் பார்த்தால், பின்னால் குணமாகப் போகிறவருக்கும் நாள்பட்ட நோயாளியாகப் போகிறவருக்கும் உதவிக் கலங்கள் வந்தே இருக்கின்றன, அதுவும் வைரஸின் பல பாகங்களை அறியும் பரந்த அணியாக. குணமாகிறவரிடம் அந்த அணி மாதக்கணக்கில் நின்றுபிடிக்கிறது. மற்றவரிடம் முதலில் பெருகும் திறனையும் இன்டர்லூக்கின்-2 சுரப்பதையும் இழக்கிறது, பிறகு இரத்தத்திலிருந்தே காணாமல் போகிறது. ஆகவே 'எதிர்ப்பு வந்ததா' என்ற கேள்விக்குப் பெறுமதி குறைவு, நின்றுபிடித்ததா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வைரஸ் எப்படித் தப்புகிறது?

இரண்டு வழி, இரண்டையும் கலந்து எழுதி பரீட்சையில் புள்ளி இழப்பவர்கள் உண்டு.

முதலாவது உருமாறல். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி வைரஸ் துணிக்கைகள் ஒரு நோயாளியின் உடம்பில் உருவாகின்றன. பிரதியெடுக்கும் நொதியத்துக்குப் பிழை திருத்தும் வசதி இல்லை. ரி-கலம் அறியும் அந்த 9 அமினோ அமிலங்களில் ஒன்று மாறினாலே போதும், துண்டு எச்.எல்.ஏ. தாங்கியில் பொருந்தாது, அல்லது பொருந்தினாலும் ரி-கலத்துக்கு அடையாளம் தெரியாது. ஒரே ஒரு துண்டை மட்டும் குறிவைக்கும் அணி தோற்பது இதனால்தான். வைரஸின் பல இடங்களை ஒரே நேரத்தில் அறியும் அணியிடமிருந்து தப்புவது கடினம்.

இரண்டாவது களைப்பு. இங்கே வைரஸின் துண்டு மாறுவதில்லை, அதே துண்டு மாதக்கணக்கில் முகத்துக்கு நேரே இருந்துகொண்டிருக்கும். ஓயாத தூண்டலால் கொல்லிக் கலத்தின் மேல் பி.டி-1, டிம்-3 போன்ற தடுப்பு வாங்கிகள் பெருகுகின்றன. முதலில் போவது பெருகும் திறனும் இன்டர்லூக்கின்-2 உம், பிறகு கொல்லும் திறன், கடைசியாக இன்டர்பெரோன் காமா.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம்: துண்டு மாறித் தப்பிவிட்டால் அதைத் தேடும் ரி-கலத்துக்குத் தூண்டல் நின்றுபோகும். அது களைப்பதில்லை, சீ.டி.127 என்ற வாங்கியோடு ஓய்வான நினைவுக் கலம் போலவே இருக்கும், ஆனால் உதவாது. மாறாத துண்டைத் தேடும் கலம்தான் பி.டி-1 நிறைந்து களைத்திருக்கும்.

கொல்லிக் கலம், உதவிக் கலம் தவிர, அடக்கும் ரி-கலங்கள் என்ற மூன்றாம் வகையும் ஈரலில் கூடுகிறது. ஈரலைப் பழுதிலிருந்து காக்கும் அதே வேளையில் வைரஸுக்கும் இடம் கொடுக்கிறது.

யாருக்கு மருந்தில்லாமல் மாறும்?

தொற்றிய 100 பேரில் 15 முதல் 45 பேருக்கு 6 மாதத்துக்குள் தானாக மாறும், மற்றவர்களுக்கு நாள்பட்டதாகும். நாள்பட்டவர்களில் 15 முதல் 30 வீதத்தினருக்கு 20 வருடத்துக்குள் ஈரல் இறுகிச் சுருங்கும் நோய் வரலாம்.

யார் அந்தப் பக்கம், யார் இந்தப் பக்கம் என்பதைப் பார்க்க அயர்லாந்தில் நடந்த ஒரு துயரம் உதவியது. 1977 இல், றீசஸ் நெகட்டிவ் தாய்மாருக்குப் பிரசவத்தின் பின் போடும் அன்ரி-டி ஊசிமருந்தின் சில தொகுதிகளில் சி வைரஸ் கலந்திருந்தது. பின்னாளில் சோதித்தபோது தொற்றின் அடையாளம் உள்ளவர்கள் 704 பேர். அவர்களில் 390 பேரிடம், அதாவது 55 வீதத்தினரிடம், வைரஸ் இன்னும் இருந்தது. ஒரே மூலம், ஒரே வகை வைரஸ், எல்லோரும் பெண்கள், முடிவு மட்டும் இரண்டு. ஆளுக்காள் வேறுபடும் எச்.எல்.ஏ. தாங்கியின் வகையைப் பார்த்தபோது ஏ3, பி27 போன்றவை உள்ளவர்களிடம் குணமானவர்கள் கூடுதலாக இருந்தார்கள். பி27 தாங்கி எடுத்துக்காட்டும் துண்டு வைரஸின் பிரதியெடுக்கும் நொதியத்திலுள்ளது. அந்த இடத்தில் மாறித் தப்ப ஒரு விகாரம் போதாது, பல வேண்டும், அதற்குள் வைரஸின் சொந்த வேலையே கெடும்.

இது தவிர 19ஆம் நிறமூர்த்தத்தில் ஐ.எல்.28பி மரபணுவுக்கு அருகிலுள்ள ஓர் எழுத்து மாற்றமும் (சி/சி வகை) குணத்தோடு தொடர்புடையது என்று 2009 இல் கண்டார்கள். பெண்களுக்கு ஆண்களைவிட வாய்ப்புக் கூட. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் குறைவு, அங்கே அழிவதே சீ.டி.4 கலங்கள்தான்.

'அன்ரிபொடி பொசிற்றிவ்' என்று சோதனைத் துண்டு வந்திருக்கிறது. வைரஸ் இருக்கிறதா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. பிறபொருளெதிரி (அன்ரிபொடி) தொற்றின் தழும்பு மட்டும். தானாகக் குணமானவரிடமும் மருந்தால் குணமானவரிடமும் அது வருடக்கணக்கில் இருக்கும். வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது பி.சி.ஆர். மட்டுமே. மறுபக்கம், தொற்றி முதல் 8 முதல் 12 கிழமை வரை பிறபொருளெதிரி தெரியாமல் இருக்கலாம், அந்த இடைவெளியில் 'நெகட்டிவ்' என்ற சொல்லை நம்பி இருந்துவிடக்கூடாது.

இன்னொரு பொறி: ரி-கலங்கள் வைரஸோடு மல்லுக்கட்டும் மாதங்களில் வைரஸின் அளவு இறங்கி ஏறும். ஒருநாள் பி.சி.ஆர். எதுவும் காட்டாது, அடுத்த மாதம் மறுபடி காட்டும். ஆகவே முதல் 6 மாதத்துக்குள் வந்த ஒரே ஒரு நெகட்டிவ் பி.சி.ஆர். குணத்துக்குச் சாட்சி ஆகாது. குறைந்தது 12 கிழமை கழித்து மறுபடி செய்ய வேண்டும்.

மாதிரி எடுப்பவர்களுக்கு: ஈ.டி.ரி.ஏ. குழாயில் எடுத்து, 6 மணித்தியாலத்துக்குள் திரவவிழையத்தைப் பிரித்துக் குளிரூட்டுவது பாதுகாப்பானது. பங்குனி, சித்திரை வெயிலில் பனிக்கட்டியில்லாப் பெட்டியில் நீண்ட தூரம் அனுப்பினால் ஆர்.என்.ஏ. சிதைந்து அளவு குறைவாகக் காட்டும்.

வார்ட்டில் ஊசி குத்திவிட்டது. என்ன செய்வது, எப்போது எதைச் சோதிப்பது?

சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம். நோயாளிக்குச் சி இருக்கிறதா என்று பாருங்கள். சி வைரஸ் உள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1.8 வீதம் என்று பழைய பாடநூல்களில் இருக்கும், பிந்திய பெரிய கணக்குகளில் அது ஏறத்தாழ 0.2 வீதம்தான். எச்.ஐ.வி.-க்குப் போல முன்கூட்டியே போடும் மருந்து இதற்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

48 மணித்தியாலத்துக்குள் உங்களுடைய ஆரம்ப நிலையை அறியப் பிறபொருளெதிரிச் சோதனை. 3 முதல் 6 கிழமைக்குள் பி.சி.ஆர். 4 முதல் 6 மாதத்தில் மறுபடி பிறபொருளெதிரி, பொசிற்றிவ் என்றால் பி.சி.ஆர். ரி-கலங்கள் தலைகாட்டும் அதே நாட்களில்தான் அந்தப் பி.சி.ஆர். வருகிறது, அப்போது ஏ.எல்.ரி. இன்னும் சாதாரணமாக இருக்கலாம். ஏ.எல்.ரி. சரி என்று சொல்லிப் பி.சி.ஆர்.-ஐத் தவிர்ப்பது வழக்கமான பிழை. இடையில் குருதி தானம் செய்ய வேண்டாம். வீட்டில் சமைக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம், சவர அலகை மட்டும் பகிரக்கூடாது.

சிறுநீரக நோயாளருக்கு என்ன வேறுபாடு?

வவுனியாப் பக்கம் நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதால் இது அடிக்கடி வரும் கேள்வி. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரி-கலங்களும் பி-கலங்களும் மந்தமானவை. எனவே ஏ.எல்.ரி. பெரிதாக ஏறாது, பிறபொருளெதிரி பிந்தும் அல்லது வராமலே போகும். சுத்திகரிப்புத் தொடங்கும்போதும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும், சந்தேகம் என்றால் நேரே பி.சி.ஆர். சுத்திகரிப்புப் பிரிவில் தொற்றுவது பெரும்பாலும் இயந்திரத்தால் அல்ல. ஒருவரைத் தொட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடுவது, ஒரே மருந்துக் குப்பியில் பலருக்கும் எடுப்பது, கதிரைக் கைப்பிடியில் காய்ந்த இரத்தத்தைத் துடைக்காமல் விடுவது, இவைதான் வழி. காய்ந்த இரத்தத்துளியில் இந்த வைரஸ் அறை வெப்பநிலையில் 6 கிழமை வரை தொற்றும் வலுவோடு இருந்ததை ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள்.

கர்ப்பிணிக்கு?

கர்ப்ப காலத்தில் ரி-கலங்கள் இயல்பாகவே அடங்கியிருக்கும், வைரஸ் சற்றுக் கூடும், ஏ.எல்.ரி. இறங்கும். பிள்ளை பிறந்த பிறகு உதவிக் கலங்கள் மீண்டு வரும்போது ஏ.எல்.ரி. ஏறி வைரஸ் இறங்குவது உண்டு, சிலருக்கு முற்றாகவே போய்விடும். பிள்ளைக்குத் தொற்றுவது 100 இல் ஏறத்தாழ 6. பால் கொடுக்கலாம். முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்துங்கள். தாயின் பிறபொருளெதிரி பிள்ளையிடம் இருக்கும் என்பதால் 18 மாதத்துக்கு முன் அந்தச் சோதனை பயனற்றது. 2 மாதத்துக்குப் பிறகு பி.சி.ஆர். செய்யலாம்.

என்னுடைய ரி-கலங்கள் வேலை செய்கின்றனவா என்று சோதிக்க முடியுமா?

ஆய்வுகூடங்களில் முடியும். கிளினிக்கில் இதற்கு இடமில்லை, முடிவு சிகிச்சையை மாற்றப்போவதுமில்லை. காசு வாங்கிக்கொண்டு 'எதிர்ப்புச் சக்திப் பரிசோதனை' என்று யாராவது சொன்னால் அது இதுவல்ல.

மாணவருக்காக முறை: எலிஸ்பொட். ஹெப்பாரின் குழாயில் எடுத்த இரத்தத்தை அறை வெப்பநிலையில் வைத்து 8 மணித்தியாலத்துக்குள் ஃபிக்கோல் கரைசலின் மேல் படியவிட்டு மையநீக்கி, இடையில் நிற்கும் வெண்படையை உறிஞ்சி எடுப்பார்கள். இன்டர்பெரோன் காமாவைப் பிடிக்கும் பிறபொருளெதிரி பூசிய 96 குழித் தட்டில் குழிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கலம். அதில் வைரஸ் புரதத்தின் 15 முதல் 18 அமினோ அமில நீளமான துண்டுகள், ஒன்றோடொன்று 10 அளவில் மேற்பொருந்தும்படி. 37 பாகை செல்சியசில், 5 வீதக் காபனீரொட்சைட்டில் ஓர் இரவு. பிறகு கழுவி நிறமேற்றினால் இன்டர்பெரோன் சுரந்த ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு புள்ளி தெரியும்.

எங்கே பிழைக்கும்? இரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கலங்கள் வலுவிழக்கும். ஒருநாள் பிந்தினால் சிறுமணிக் கலங்கள் வெண்படையில் கலந்து எதிர்வினையை அடக்கும். இரவில் தட்டை அசைத்தால் புள்ளிகள் வால்வெள்ளி போல நீளும். ரி-கலங்களைப் பொதுவாகத் தூண்டும் பி.எச்.ஏ. போட்ட நேர்க்கட்டுப்பாட்டுக் குழியில் புள்ளி வராவிட்டால் அந்தத் தட்டு முழுவதையும் கழித்துவிட வேண்டும். இன்னொன்று, துண்டுகள் எந்த மரபு வகை வைரஸுக்கு உரியவை என்பது. தெற்காசியாவில் அதிகம் உள்ளது 3ஆம் வகை. 1ஆம் வகைத் துண்டுகளைப் போட்டு 'ரி-கலம் இல்லை' என்று முடிவுகட்டினால், இல்லாதது ரி-கலமா பொருத்தமான துண்டா என்று தெரியாது.

தானாக மாறும் என்று 6 மாதம் காத்திருக்கலாமா?

முன்பு அப்படித்தான் செய்தார்கள். அந்நாள் இன்டர்பெரோன் ஊசிகள் ஆளைப் படுத்திய பாட்டில் காத்திருப்பதே நல்லதாக இருந்தது. இன்று நேரடியாக வைரஸைத் தாக்கும் குளிசைகள் உண்டு. சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் வெல்பட்டாஸ்விர் 100 மில்லிகிராமும் சேர்ந்த குளிசை நாளுக்கு ஒன்று, 12 கிழமை. 95 வீதத்துக்கு மேல் குணம். பி.சி.ஆர். பொசிற்றிவ் என்றால் காத்திருக்காமல் தொடங்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டல். காத்திருக்கும் மாதங்களில் ரி-கலங்கள் மேலும் களைக்கும், மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் தொடரும்.

தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். இரண்டும் உள்ளவரில் சி அடங்கியதும் பி கிளம்பும் ஆபத்து உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் குடிப்பவருக்கு இந்தக் குளிசை வேலை செய்யாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் குடிப்பவருக்குத் துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோலைப் பழக்கமாகக் குடிப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும், வெல்பட்டாஸ்விர் உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். குளிசை முடிந்து 12 கிழமைக்குப் பின் பி.சி.ஆர். நெகட்டிவ் என்றால்தான் குணம் என்று சொல்வார்கள்.

குணமான பிறகு ரி-கலங்கள் பழையபடி ஆகுமா? மறுபடி தொற்றுமா?

ஓரளவுதான். களைத்த கலங்களில் சில பெருகும் திறனை மீளப் பெறுகின்றன, ஆனால் களைப்பின் வடு அவற்றின் டி.என்.ஏ. மடிப்புகளில் தங்கிவிடுகிறது. மறுபடி தொற்றலாம். மருந்தில்லாமல் குணமானவருக்கு இரண்டாம் முறை வைரஸ் குறைவாகவே ஏறி, குறுகிய காலத்தில் அடங்கும் போக்கு உண்டு, நின்றுபிடித்த நினைவுக் கலங்களின் வேலை அது. மருந்தால் குணமானவர் அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது.

தடுப்பூசி?

இல்லை. ரி-கலங்களை மட்டும் தூண்டும் தடுப்பூசி ஒன்றை அமெரிக்காவில் ஊசிப் போதைப் பழக்கமுள்ளவர்களிடம் சோதித்து 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். போட்டவர்களில் 78 வீதத்தினருக்கு ரி-கலங்கள் வந்தன. தொற்றியபோது வைரஸின் உச்ச அளவும் குறைவாக இருந்தது. ஆனால் நாள்பட்ட தொற்று தடுப்பூசி போட்டவர்களில் 14 பேருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 14 பேருக்கும் வந்தது. ரி-கலங்கள் வந்தது மட்டும் போதவில்லை.

கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கலாமா?

சி வைரஸை அது ஒழிக்காது. வேறு வேறு இலைகளைச் சேர்த்து இடித்துக் குடித்து ஈரலை இன்னும் கெடுத்துக்கொள்வது நடக்கிறது. கசிப்பும் சாராயமும் அறவே வேண்டாம். காய்ச்சலுக்குப் பனடோல் என்றால் நாளுக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்கைத் தாண்டக்கூடாது.

எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. நான் ஏன் சோதிக்க வேண்டும்?

எல்லோருக்கும் தேவையில்லை. போர்க்காலத்தில் அவசரமாக இரத்தம் ஏற்றப்பட்டு, அந்த இரத்தம் சோதிக்கப்பட்டதா என்ற பதிவு கையில் இல்லாதவர்கள், எப்போதாவது ஊசியால் போதைப்பொருள் ஏற்றியவர்கள், ஊசி பகிர்ந்து பச்சை குத்தியவர்கள், நீண்டகாலம் சுத்திகரிப்பில் இருப்பவர்கள் ஒருமுறையாவது செய்வது நல்லது. செடில் காவடிக்காரர் கொளுக்கிகளையும் முள்ளையும் ஒருவருக்கொருவர் மாற்றினால் அவர்களும். ஆளுக்கு ஒரு தொகுதி, அல்லது ஒவ்வொரு முறையும் 121 பாகையில் நீராவி அமுக்கத்தில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கிருமிநீக்கிய தொகுதி வேண்டும். தேசிக்காயும் திருநீறும் பூசித் துடைப்பது கிருமிநீக்கல் ஆகாது.

கிளினிக்கில் கேட்கும்போது 'ஹெபடைடிஸ் சி பிறபொருளெதிரி, பொசிற்றிவ் என்றால் பி.சி.ஆர்.' என்று சேர்த்தே கேளுங்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பி.சி.ஆர். நேரடியாக எழுதப்பட வேண்டியது அப்போதுதான்.